நான் வயோமிங்குக்கு ஆளுநரான கதை

இடுப்பு வலியால் என் கணவர் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வுபெற்ற பிறகு, எங்கள் குசினியில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் நகரில் ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் துணித் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில் அவர் துணி மூட்டைகளைத் தூக்கினார். அது மூடப்பட்டதும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் அலுமாரிகளைத் தூக்கினார். தூக்கியே பழகிய மனிதரை வீட்டில் சும்மா இரு என்றால் என்ன செய்வார்? என் போத்தல்களைத் தூக்கினார். முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து நான் சமைக்க நின்றால், மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் தேயிலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் படமெடுக்க நிற்பதுபோல உயரப்படி வரிசையாக நிற்கும்.

"உயரத்தைப் பாத்து அடுக்கினனான். வடிவாயிருக்கெல்லே?" என்பார்.

"கறி உயரத்தைப் பாத்துக் கொதிக்கிறேல்லை," என்பேன்.

கோப்பன்ஹேகனில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில் முறையிட்டேன். நான் தமிழில் முறையிட்டதற்கு அவள் டேனிஷில் தீர்ப்புச் சொன்னாள். அப்பாவுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும், மாலைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்றாள். டென்மார்க்கில் எந்தக் கவலைக்கும் ஒரு மாலை வகுப்பு உண்டு. மட்பாண்டம் செய்யலாம், இத்தாலி மொழி படிக்கலாம், காளான் பொறுக்கலாம், மூச்சுவிடக்கூடப் படிக்கலாம். நூலகத்திலிருந்து வகுப்புப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். மூச்சுவிடுகிற வகுப்பைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவன் குதிரையில் இருந்தான். பின்னால் மலை. மேலே பெரிய எழுத்தில் 'காட்டு மேற்கு' என்றிருந்தது. கீழே சின்ன எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. சின்ன எழுத்தை வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"கௌபோய் படம் போடப் போறாங்கள் போல," என்றார். கண்ணில் ஒரு பளபளப்பு. இளம் வயதில் சைக்கிளில் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய், விளங்காத ஆங்கிலத்தில் குதிரைப் படங்கள் பார்த்தவர் அவர். 'ஹான்ட்ஸ் அப்' என்பது மட்டும் விளங்கும், அது போதும் என்பார். "நீரும் வாரும். விளங்காத இடம் இருந்தா நீர் சொல்லித் தரலாம்."

என்னிடம் கேட்பதற்கு முன்பே என் பெயரையும் பதிந்துவிட்டார்.

முதல் நாள் வகுப்புக்கு அவர் புதிதாக வாங்கிய அகலமான தொப்பியோடு வெளிக்கிட்டார். மண்ணிறம், பக்கங்கள் மேலே வளைந்தது. புரட்டாதி மாதத்து இக்காஸ்ட் காற்றில் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். வகுப்பு பழைய துணித் தொழிற்சாலைக் கட்டடத்தில். அவர் மூட்டை தூக்கிய அதே கட்டடம் இப்போது கலாசார மண்டபம். உள்ளே இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருவர்கூடத் தொப்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டேனிஷ்காரர் சிரிக்க மாட்டார்கள், வேறெங்கோ பார்ப்பார்கள். அன்று எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

படிப்பிக்க வந்தவர் ரயில்வேயில் நேர அட்டவணை போடும் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பனைமரம் போல உயரம். கறுப்பு மிட்டாய் ஒன்றை எந்நேரமும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். சுவரில் ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டு வகுப்பின் முழுப் பெயரையும் வாசித்தார். அந்தச் சின்ன எழுத்தில் இருந்தது இதுதான்: அமெரிக்காவின் வயோமிங் பிரதேசம், அது மாநிலமாவதற்கு முன்னைய அரசியல், பொருளாதார வரலாறு.

"இந்த வகுப்பில் துப்பாக்கி வராது," என்றார் அவர். "சுடுவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் திரைப்படங்கள் இருக்கின்றன. அந்தத் துப்பாக்கி எந்த ரயிலில், யார் கொடுத்த கட்டணத்தில் அங்கே வந்து சேர்ந்தது என்பதை நாங்கள் பார்ப்போம்."

என் கணவர் என் பக்கம் சரிந்தார். "என்ன சொல்லுறார்?"

"துவக்கு இல்லையாம்."

"குதிரை?"

"ரெயிலாம்."

அன்று முழுக்க ரயில்தான். முதலில் ரயில் பாதை வந்தது, அதன் பிறகுதான் ஊர் வந்தது, ஊர் வந்த பிறகுதான் அரசாங்கம் வந்தது என்றார். தண்டவாளம் போடுகிறவர்கள் போகுமிடமெல்லாம் கூடாரமும் சாராயக் கடையும் கூடவே போயினவாம். இன்றைக்கு ஊர், அடுத்த மாதம் வெறும் புல். ரயில் கம்பனிக்குப் பாதையின் இரண்டு பக்கமும் அரசாங்கம் காணி கொடுத்தது. தொடர்ச்சியாகக் கொடுக்காமல், சதுரங்கப் பலகையைப் போல, ஒரு சதுரம் கம்பனிக்கு, அடுத்த சதுரம் அரசாங்கத்துக்கு என்று கொடுத்தது. கம்பனிக்காரர் தங்கள் சதுரத்துக்குள் நிலக்கரியும் கண்டுபிடித்து, அதைத் தங்கள் ரயிலுக்குத் தாங்களே விற்றார்கள். இதைச் சொல்லும்போது அந்த உயரமான மனிதரின் முகம், பேரப்பிள்ளையின் படத்தைக் காட்டுகிறவரின் முகம் போல இருந்தது. அவர் அமெரிக்காவுக்குப் போனதேயில்லை என்பது கோப்பி குடிக்கும்போது தெரிந்தது. விமானம் என்றால் பயமாம்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் தொப்பியைக் காரின் பின் இருக்கையில் போட்டார். "இனி நான் போகேல்லை. ரெயிலுக்குக் கரி போட்ட கதை கேக்கவே நான் பதிஞ்சனான்?"

மறுநாள் மாலைப் பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, தான் விலகுவதாகச் சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் மிக மரியாதையாக, நீங்கள் விலகினால் போதிய ஆட்கள் இல்லாமல் வகுப்பே நின்றுவிடும், ஆனால் அது உங்கள் விருப்பம் என்றாள். 'அது உங்கள் விருப்பம்' என்று டேனிஷில் சொன்னால் அதைவிடப் பெரிய சாபம் இல்லை. அவர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சோபாவில் இருந்தார்.

"அந்த மனுசன் எவ்வளவு ஆசையாக் கதைச்சது," என்றார் கொஞ்ச நேரத்தில்.

"போங்கோவன் அப்ப."

"நான் மட்டும் ஏன் கஷ்டப்படோணும்? வேற ஆக்களையும் பிடிக்கிறன்."

பிடித்தார். ஒருவர் எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைக்கார அண்ணை. இரண்டாமவர் தமிழ்ப் பெந்தகொஸ்தே சபைப் பாஸ்டர். கிழமை நாட்களில் தொழிற்சாலையில் பகல் வேலையும் ஞாயிற்றுக்கிழமையில் பிரசங்கமும் செய்கிற மனிதர். இரண்டு பேரிடமும் என் கணவர் என்ன சொல்லிக் கூட்டிவந்தார் என்பதை நான் விசாரிக்கவில்லை. ஆனால் கதிரையில் இருந்ததும் கடைக்கார அண்ணை திரை எங்கே என்று தேடினார்.

அன்றைய பாடம், பிரதேசம் என்றால் என்ன என்பது. மாநிலமாகாத பிரதேசத்துக்கு ஆளுநரை அந்த மக்கள் தெரிந்தெடுப்பதில்லை. வாஷிங்டனிலிருந்து சனாதிபதி அனுப்புவார். நீதிபதிகளும் அப்படித்தான். ஊர் மக்கள் தங்கள் சட்டசபைக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கலாம், ஆனால் அந்தச் சட்டங்களைத் தலைநகரம் தூக்கியெறியலாம். தேசியப் பாராளுமன்றத்துக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம். அவர் அங்கே இருந்து பேசலாம், வாக்களிக்க முடியாது.

"எங்கட வீட்டில நான் மாதிரி," என்றார் என் கணவர் மெல்ல.

கடைக்கார அண்ணை மெல்லச் சொல்கிறவர் அல்ல. எழுந்தே விட்டார். "இது எங்கட கதையெல்லோ! கொழும்பில இருந்து அரசாங்க அதிபரை அனுப்பிப்போட்டு, அவர் வந்து எங்களுக்குச் சட்டம் சொல்லுறது!" பிறகு அதையே தன் டேனிஷில் சொன்னார். வசனம் உடைந்தாலும் கோபம் உடையாமல் வந்தது.

எதிரே வகுப்பின் இன்னொரு மாணவர், மாடு வளர்த்து ஓய்வுபெற்ற ஒரு டேனிஷ் விவசாயி, இருந்தார். முதல் நாள் முழுக்க ஒரு சொல் பேசாதவர். இப்போது வாய் திறந்தார்.

"கோப்பன்ஹேகனும் இப்படித்தான்," என்றார்.

அவ்வளவுதான். எங்கள் இக்காஸ்ட் இருக்கிற ஜூட்லாந்துப் பக்கத்தவருக்குத் தலைநகரத்தின் மேல் இருக்கிற மனக்கசப்பை நான் முதியோர் இல்லத்தில் நாள்தோறும் கேட்கிறவள்தான். ஆனாலும் அன்று யாழ்ப்பாணமும் ஜூட்லாந்தும் வயோமிங்கும் ஒரே மேசையில் தோளோடு தோள் நின்று தலைநகரங்களைத் திட்டியதைப் போல ஒரு காட்சியை நான் கண்டதில்லை. படிப்பித்தவர் கன்னத்து மிட்டாயை இடம் மாற்ற மறந்து நின்றார். பல வருடமாகப் படிப்பிக்கிறாராம். அவருடைய வகுப்பில் ஒருவர் எழுந்து நின்று கோபப்பட்டது அதுதான் முதல் தடவையாம்.

அதன் பிறகு வகுப்பைத் தவறவிடுகிற பேச்சே வரவில்லை. பாஸ்டர்தான் அதிகம் கேள்வி கேட்பார். ஒரு நாள், "ரயில் கம்பனிக்கு அரசாங்கம் காணி கொடுத்தது என்றீர்கள். அரசாங்கத்துக்கு அந்தக் காணியை யார் கொடுத்தது?" என்று கேட்டார்.

எங்கள் வகுப்பில் எப்போதும் பின்னல் ஊசியோடு இருக்கும் ஒரு டேனிஷ் அம்மா உண்டு. பதிந்த பின்னல் வகுப்பு ஆளில்லாமல் நின்றுபோனதால், அதே மணிக்கு நடக்கிற வயோமிங் வகுப்பில் வந்திருந்து பின்னுகிறவர். அந்தக் கேள்வியோடு அவருடைய ஊசிச் சத்தம் நின்றது. படிப்பித்தவர் அன்று வரைபடத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றைத் தொங்கவிட்டார். அதில் சதுரங்கள் இல்லை. ஷோஷோனி, அரப்பாஹோ, லகோட்டா என்று மக்களின் பெயர்கள்தான் இருந்தன. செய்த ஒப்பந்தங்களையும், தங்கம் கண்டதும் அவை என்ன ஆயின என்பதையும், குடியேற வந்தவர்களுக்கு முன்னால் எப்படிப் பட்டாளம் வந்தது என்பதையும் ஒன்றையும் மூடாமல் சொன்னார். குடியேற்றம் என்ற சொல்லுக்கு, இலங்கையில் அதைக் கண்டு வந்த எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. என் கணவர் அன்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த கிழமையிலிருந்து அதைப் போட்டு வரவில்லை.

மாட்டுப் பாடத்தன்று மறுபடி கலகலப்பு வந்தது. வயோமிங்கின் புல்வெளியில் மாடுகள் பெருகி, ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்த கனவான்கள் அந்த மந்தைகளை வாங்கிய காலம். மாட்டை எண்ணி வாங்கவில்லை. விற்கிறவனின் புத்தகத்தில் எத்தனை எழுதியிருக்கிறதோ அத்தனை மாடு என்று நம்பி வாங்கினார்கள். பிறகு ஒரு கொடிய பனிக்காலம் வந்தது. இருந்த மாடு செத்தது, இல்லாத மாடும் அதோடு சேர்ந்து செத்ததாகக் கணக்கு முடிந்தது.

விவசாயிக்குத் தாங்கவில்லை. "மடியைத் தடவிப் பார்க்காமல் மாடு வாங்கினார்களா?" என்று மூன்று தரம் கேட்டார். செத்த மாடுகளைவிட அந்தத் தடவாத மடிகள்தான் அவரை வருத்தின.

கடைசி வகுப்புக்குப் படிப்பித்தவர் ஒரு யோசனை சொன்னார். வயோமிங்கின் முதல் சட்டசபை பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே, அந்த விவாதத்தை நாங்கள் நடித்துப் பார்த்தால் என்ன? அமெரிக்காவின் பெரிய மாநிலங்களே நினைத்துப் பாராத காலம் அது. இந்தப் புல்வெளிப் பிரதேசம் ஏன் செய்தது? சிலர் நியாயம் என்று நினைத்தார்கள். சிலர், நாட்டுக்கு விளம்பரம், பெண்கள் குடியேற வருவார்கள் என்று நினைத்தார்கள், ஏனென்றால் அங்கே ஆண்கள் மலிந்து பெண்கள் அரிது. இன்னும் சிலருக்கு அது பகிடி. சட்டசபை முழுவதும் ஒரு கட்சி, வாஷிங்டன் அனுப்பிய ஆளுநர் மற்றக் கட்சி. ஆளுநர் எப்படியும் நிராகரிப்பார், அவருக்குத்தான் கெட்ட பெயர் என்று கணக்குப் போட்டார்கள்.

பாத்திரங்களைப் பிரித்தார். சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் உண்மையில் ஒரு சாராயக் கடைக்காரர். அது பின்னல் அம்மாவுக்குப் போயிற்று. விவசாயியும் பாஸ்டரும் கடைக்கார அண்ணையும் உறுப்பினர்கள். எதிர்த்துப் பேச ஒருவர் வேண்டும் என்றதும் எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள்.

"நான் ஏன்?" என்றார்.

"உங்கட குரலுக்குத்தான்," என்றார் பாஸ்டர். குரலைப் பற்றித் தெரிந்த மனிதர் சொன்னால் யார் மறுப்பது?

ஆளுநர் நான். தலைநகரம் அனுப்பிய ஆள், தனிக் கதிரை, கையெழுத்துப் போடுகிற அதிகாரம். முதியோர் இல்லத்தில் ஒரு மருந்து மாற்றுவதற்கே நாலு பேரைக் கேட்கவேண்டிய எனக்கு அது பிடித்திருந்தது.

என் கணவர் பேச்சைத் தயாரிக்கத் தொடங்கினார். அப்படி அவர் எதையும் தயாரித்து நான் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால், குளிக்கும்போது, நடக்கும்போது எல்லாம் பேச்சுத்தான். நான் வெங்காயம் வெட்டும்போது பின்னால் வந்து நின்று, "பெண்கள் வாக்களிக்கத் தொடங்கினால் குடும்பம் குலையும், கனவான்களே!" என்று டேனிஷில் முழங்குவார். "இந்த இடத்தில கையை உயர்த்தட்டோ?" என்று தமிழில் கேட்பார்.

"உயர்த்தின கையால அந்தச் சட்டியை இறக்குங்கோ," என்பேன்.

ஆபத்து கோயிலில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் உள்ளே கும்பிட்டுக்கொண்டிருக்க, அவர் இடுப்பு வலி என்று காருக்குள் இருந்தார். இருந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பேச்சை ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறார். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு பெண் அதைக் கேட்டுவிட்டார். அது உள்ளூராட்சித் தேர்தல் காலம். இக்காஸ்ட்டின் விளக்குக் கம்பமெல்லாம் வேட்பாளர்களின் முகங்கள் சிரித்துக்கொண்டு தொங்கின. ஒன்றையும் ஒன்றையும் கூட்ட அந்தப் பெண்ணுக்கு வெகுநேரம் எடுக்கவில்லை. பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கும்போதே, இன்னார் எலெக்சன் கேட்கிறார், வென்றால் பெண்களின் வாக்கைப் பறிப்பாராம் என்ற செய்தி சர்க்கரைப் பொங்கலோடு கை மாறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"அக்கா, அண்ணை எந்தக் கட்சியில கேக்கிறார்?"

"அவர் ஒண்டிலயும் கேக்கேல்லை. அது வயோமிங்கில."

"வயோமிங் எங்க, ஓகூஸ் ரவுண் பக்கமோ?"

"அமெரிக்காவில, பிள்ளை. அதுவும் நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி."

"அப்ப அவர் ஏன் இப்ப கத்துறார்?"

கோப்பன்ஹேகன் மகளும் எடுத்தாள். நான் ஒரு பொழுதுபோக்குத்தானே தேடச் சொன்னேன் என்று டேனிஷில் அழாக்குறையாகக் கேட்டாள்.

கடைசி வகுப்பன்று நாங்கள் போய் இருக்க, கதவு திறந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற ரீச்சர் அக்கா முன்னால் வர, பின்னால் ஒரு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். குளிர்ச்சட்டைக்கு உள்ளே நல்ல சீலை. கையில் கட்லட்டும் ரோல்ஸும் நிரம்பிய தட்டுகள். சண்டைக்குப் போனாலும் எங்களுடைய ஆட்கள் வெறுங்கையோடு போகமாட்டார்கள். படிப்பித்தவருக்கு விஷயம் தெரியாது. வயோமிங்கின் மேல் இத்தனை பேருக்கு ஆர்வமா என்று முகம் சிவந்துபோய், பக்கத்து அறையிலிருந்து கதிரைகளைத் தானே தூக்கித் தூக்கிக் கொண்டுவந்தார். என் கணவர் அந்தப் பெண்களின் வரிசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆளுநர் ஒரு பக்கமும் சாயக் கூடாது என்பதால் நான் கோப்பிப் போத்தலைப் பார்த்தேன்.

பின்னல் அம்மா எழுந்தார். என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி, வாக்கு மட்டும் எனக்கு, இது என்ன நியாயம் என்று சாராயக் கடைக்காரராகப் பேசினார். கைதட்டல் கூரையைத் தொட்டது. அடுத்து என் கணவர்.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே வீட்டில் கணவன் ஒரு கட்சிக்கும் மனைவி மறு கட்சிக்கும் வாக்களித்தால் அந்த மேசையில் சோறு இறங்குமா என்றார். பெண்கள் நீதிமன்றத்தில் ஜூரி இருக்கப் போனால் அடுப்பை யார் மூட்டுவது என்று கையை உயர்த்தினார். உயர்த்திய கை இறங்குவதற்குள் ரீச்சர் அக்கா எழுந்துவிட்டார்.

"தம்பி, இப்ப உங்கட வீட்டில அடுப்பு மூட்டுறது ஆர்?"

அவர் வயோமிங்கிலிருந்து இறங்கி வந்தார். "மனுசிதான்."

"அவ வேலைக்கும் போறாவோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் என்ன செய்யிறீங்கள்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "போத்தில் அடுக்கிறன், அக்கா."

மண்டபம் சிரித்து ஓய வெகுநேரம் எடுத்தது. டேனிஷ்காரர் மூவரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ஆளுநர் என்ற முறையில் ஒரு பக்கமும் சாராமல் மொழிபெயர்த்தேன். அதன் பிறகு அவர்களும் சிரித்தார்கள். ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை.

கடைக்கார அண்ணை ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பெண்களுக்கு வாக்குக் கொடுக்கலாம், ஆனால் முப்பது வயதுக்கு மேல் என்றார். உண்மையான சட்டசபையிலும் இப்படி ஒரு திருத்தத்தைப் பகிடிக்காகக் கொண்டுவந்தார்கள் என்று படிப்பித்தவர் விளக்கினார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "நாங்கள் ஒருத்தரும் இன்னும் முப்பது தாண்டேல்லை!" என்றார். அவருடைய மூத்த மகன் அந்த வருடம்தான் வீடு வாங்கியிருந்தான். திருத்தம் தோற்றது.

வாக்கெடுப்பில் பாஸ்டர் ஆதரித்தார். கடைக்கார அண்ணை பின்வரிசையை ஒரு தரம் பார்த்துவிட்டு ஆதரித்தார். அவர்கள் எல்லாரும் அவருடைய கடைக்கு வருகிறவர்கள். விவசாயி நெடுநேரம் யோசித்தார்.

"ஆளுநர் தலைநகரத்து ஆளா?" என்று கேட்டார்.

"ஆம்," என்றார் படிப்பித்தவர்.

"அப்படியானால் ஆதரிக்கிறேன். அவர் பாடுபடட்டும்."

வயோமிங் சட்டசபையின் மனம் இதைவிடச் சரியாக விளங்கியிருக்க முடியாது என்று படிப்பித்தவர் மகிழ்ந்துபோனார். தாளை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

உண்மையான ஆளுநர் உடனே கையெழுத்து வைக்கவில்லையாம், யோசித்தாராம். அதனால் நானும், "யோசிக்க எனக்குச் சில நாள் வேண்டும்," என்றேன்.

"ஆளுநர் அவர்களே, கட்டடத்தைப் பூட்ட ஆள் வருவார்," என்றார் படிப்பித்தவர். என் கணவர் மேசைக்கு வந்து குனிந்தார். "வையுமப்பா கையெழுத்தை. பேசாம வீட்ட போவம்."

பகிடிக்குத்தான் நிறுத்தினேன். ஆனால் பேனையைக் கையில் எடுத்ததும் எனக்கு வேறொரு தாள் நினைவுக்கு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து, குடியுரிமை இல்லாமல், டேனிஷும் சரியாக இல்லாமல், பாடசாலைத் தரை கழுவிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் தபாலில் வாக்காளர் அட்டை வந்தது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. யாருக்கோ வரவேண்டியது மாறி வந்துவிட்டது என்று நினைத்து, அண்டை வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். உன் பெயர்தானே இருக்கிறது என்றார்கள். பிறந்த ஊரில் நான் ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. வயது வந்தபோது சண்டை வந்திருந்தது. அந்த அட்டையில் இருந்த என் பெயரை அன்று திரும்பத் திரும்ப வாசித்தேன்.

கையெழுத்தை வைத்தேன். ரீச்சர் அக்கா முதலில் எழுந்து கைதட்டினார். என் கணவரும் தட்டினார், தோற்றவரைப் போல் இல்லாமல் பலமாக.

கட்லட் சாப்பிட்டுக்கொண்டே படிப்பித்தவர் மிச்சக் கதையைச் சொன்னார். இரண்டு வருடத்தில் அடுத்து வந்த சட்டசபை கொடுத்ததைத் திரும்பப் பறிக்கப் பார்த்தது. அதே ஆளுநர் நிராகரித்தார். அவரை மீறிப் பறிக்க அவர்களுக்கு ஒரேயொரு வாக்குத்தான் போதாமல் போயிற்று. பிறகு வயோமிங் மாநிலமாகக் கேட்டபோது, பெண்களின் வாக்கைப் பார்த்துப் பாராளுமன்றத்தில் பலர் முகம் சுளித்தார்கள். எங்கள் பெண்களை விட்டுவிட்டு வருவதென்றால் நாங்கள் நூறு வருடம் வெளியிலேயே நிற்போம் என்று அங்கிருந்து தந்தி போனதாகச் சொல்வார்கள். அப்படி ஒரு தந்தி போனது உறுதியில்லை என்றார் அவர், நேர அட்டவணைக்காரர் அல்லவா. பெண்களின் வாக்கோடுதான் மாநிலமாயிற்று என்பது உறுதி.

"அந்தத் தந்தி போனதுதான்," என்றார் ரீச்சர் அக்கா தமிழில். நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த கிழமை தேர்தல். நாங்கள் விளையாட்டு மண்டபத்துக்குப் போகும்போது, வாசலில் ரீச்சர் அக்காவும் அன்றைய பெண்களில் பாதிப் பேரும் நின்றார்கள். என் கணவரைக் கண்டதும் ரீச்சர் அக்கா கைகூப்பினார்.

"என்ன தம்பி, எங்களை உள்ள விடுவீங்களோ?"

அவர் கதவைத் திறந்து பிடித்தார். எல்லாப் பெண்களும் போகும்வரை பிடித்தார். அவர்களுக்குப் பின்னால் முன்பின் தெரியாத டேனிஷ் பெண்கள் வந்தார்கள், அவர்களுக்கும் பிடித்தார். நான் உள்ளே போய், வாக்களித்து, வெளியே வந்து பார்த்தால் இன்னும் கதவோடு நிற்கிறார்.

"நீங்கள் போடேல்லையோ?"

"ஆக்கள் வந்துகொண்டே இருக்கினம்," என்றார்.

கதவை நான் வாங்கிக்கொண்டு அவரை உள்ளே அனுப்பினேன். அந்த வாக்குச் சீட்டு சீலைத் தலைப்பு அளவுக்கு இருக்கும். கட்சிகளும் பெயர்களும் நிரம்பி வழியும். திரைக்குப் பின்னால் தாள் சரசரக்கிற சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு தலை வெளியே வந்தது.

"இஞ்சரும், இதை எப்பிடி மடிக்கிறது?"

நான் ஒரு காலடி எடுத்துவைக்க, மேசையில் இருந்த பெண் கையை உயர்த்தித் தடுத்தாள். ஒரு திரைக்குள் ஒருவர்தான் என்றாள். தலை உள்ளே போயிற்று. சரசரப்பு மறுபடி தொடங்கியது. வரிசையில் நின்ற டேனிஷ்காரர் எல்லாரும் பொறுமையாகக் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் ரோல்ஸ் சுற்றுவதைப் போலச் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிக்குள் திணித்தார். அது பாதி வழியில் நிற்க, பெட்டிக் காவலர் ஒரு அடிமட்டக் கோலால் தள்ளி உதவினார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று காரில் கேட்டேன்.

"அது சொல்லப்படாது," என்றார், இருக்கைப் பட்டியை இழுத்துக்கொண்டே. "உம்மட ஆளுக்கு இல்லை."

அன்று மதியம் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். சோறு இறங்கியது.